ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலைத் தேர்ந்தெடுப்பதும் மாற்றுவதும்

எஞ்சின் ஆயிலை உரிய காலத்தில் மாற்றிவிடும் கார் உரிமையாளர்கள்கூட, ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்குள் இருக்கும் ஆயிலைப் பற்றி, கியர் மாறுவதில் தயக்கமோ உதறலோ தெரியத் தொடங்கிய பிறகுதான் விசாரிக்கிறார்கள். அப்போது கிடைக்கும் பதில்களும் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. அது ஆயுள் முழுமைக்குமான ஆயில், தொடவே வேண்டாம் என்பார் ஒருவர். பழைய காரில் அதை மாற்றினால் கியர்பாக்ஸ் கெட்டுவிடும் என்பார் மற்றொருவர். சிவப்பாக இருந்தால் போதும், எதை வேண்டுமானாலும் ஊற்றலாம் என்பாரும் உண்டு. இந்த ஆயில் உள்ளே என்ன வேலை செய்கிறது என்பது தெரிந்துவிட்டால், இந்த மூன்று பதில்களையும் எந்த அளவுக்கு நம்பலாம் என்பதை வாசகரே எடைபோட்டுக்கொள்ள முடியும்.

ஏ.டி.எஃப். என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்தத் திரவத்துக்கு ஒரே நேரத்தில் பல வேலைகள் உண்டு. முதலாவது, எஞ்சினின் சுழற்சியைக் கியர்பாக்ஸுக்குக் கடத்துவது. எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் டார்க் கன்வெர்ட்டர் என்ற உருண்டையான பாகம் இருக்கிறது. ஒரு மின்விசிறியை ஓடவிட்டு, அதற்கு எதிரே ஓடாத மற்றொரு விசிறியை வைத்தால், முதல் விசிறியின் காற்று இரண்டாவதைச் சுழலவைக்கும் அல்லவா, அதே முறையில்தான் டார்க் கன்வெர்ட்டரும் இயங்குகிறது. காற்றுக்குப் பதிலாக அங்கே ஆயில் வேலை செய்கிறது. சிக்னலில் கியரைப் போட்டபடியே கார் நிற்கும்போதும் எஞ்சின் அணையாமல் இருப்பதற்கு இந்தத் திரவ இணைப்பே காரணம்.

இரண்டாவது வேலை அழுத்தம் கொடுப்பது. கியர்பாக்ஸுக்குள் பல கிளட்ச் தொகுதிகள் இருக்கின்றன. எந்தக் கிளட்சை எப்போது பிடிக்க வேண்டும், எப்போது விட வேண்டும் என்பதை வால்வ் பாடி என்னும் நுண்ணிய துளைகளும் வால்வுகளும் நிறைந்த பாகம் ஆயிலின் அழுத்தத்தைக் கொண்டு நிறைவேற்றுகிறது. பம்ப் உறிஞ்சும் ஆயிலில் காற்றுக் குமிழிகள் கலந்துவிட்டால் இந்த அழுத்தம் தளர்ந்து கிளட்ச் நழுவும். பற்சக்கரங்களுக்கும் பேரிங்குகளுக்கும் மசகாக இருப்பதும், உருவாகும் வெப்பத்தைக் கூலருக்குக் கொண்டுசெல்வதும் எந்த ஆயிலிடமும் எதிர்பார்க்கக்கூடியவை என்பதால் அவற்றை விரிவாகச் சொல்லத் தேவையில்லை.

கவனமாகப் புரிந்துகொள்ள வேண்டியது இன்னொன்று: இந்த ஆயில் வழுக்கவும் வேண்டும், பிடிக்கவும் வேண்டும். கிளட்ச் தட்டுகள் ஆயிலில் நனைந்தபடியே ஒன்றையொன்று பற்றுகின்றன. பிடி திடீரென்று விழுந்தால் கார் உதறும். மெதுவாக விழுந்தால் தட்டுகள் நழுவிச் சூடாகித் தேய்ந்துபோகும். இரண்டுக்கும் இடைப்பட்ட அந்தச் சரியான பிடிப்பை, உராய்வைத் திருத்தும் வேதிப்பொருள்களை ஆயிலில் சேர்த்துத்தான் பெறுகிறார்கள். 1970களின் தொடக்கம் வரை இதற்குத் திமிங்கில எண்ணெய் பயன்பட்டது என்பது இன்று கேட்பவர்களுக்கு வியப்பளிக்கும். அருகிவரும் உயிரினங்களைக் காக்கும் நோக்கில் அமெரிக்காவில் அதற்குத் தடை வந்தபோது, மாற்றுப்பொருளைத் தேடுவது எளிதாக இருக்கவில்லை. அப்போது வந்த ஒரு கலவை கூலரின் பற்றவைப்பு இணைப்புகளை அரித்ததால் அதை மீண்டும் திருத்த வேண்டியதாயிற்று. ஆயிலில் சேரும் ஒரு சிறு பொருள் கியர்பாக்ஸின் நடத்தையை எவ்வளவு தூரம் மாற்றிவிடும் என்பதற்கு இதுவே போதிய சான்று.

எந்த ஆயில் என்பதை எப்படி முடிவு செய்வது?

ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1949இல் ‘டைப் ஏ’ என்ற தர வரையறையை வெளியிட்டது. அதன்பின் அந்நிறுவனம் டெக்ஸ்ரான் வரிசையையும், ஃபோர்டு முதலில் ‘டைப் எஃப்’ என்பதையும் பிறகு மெர்கான் வரிசையையும் கொண்டுவந்தன. டெக்ஸ்ரானில் உராய்வைத் திருத்தும் பொருள்கள் சேர்க்கப்பட்டிருந்தன; டைப் எஃப் ஆயிலில் அவை இல்லை. ஆகவே ஒன்றுக்கு ஏற்ப வடிவமைத்த கியர்பாக்ஸில் மற்றதை ஊற்றினால், கியர் விழும் விதமே மாறிவிடும். இரண்டும் ஒரே சிவப்பு நிறத்தில்தான் இருந்தன. கசியும் ஆயில் எஞ்சினிலிருந்து வருகிறதா கியர்பாக்ஸிலிருந்து வருகிறதா என்று பார்த்தவுடன் தெரிய வேண்டும் என்பதற்காகச் சேர்க்கப்படும் சாயமே அந்தச் சிவப்பு. தரத்துக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

இன்று நிலைமை இன்னும் பிரிந்து கிடக்கிறது. டொயோட்டாவுக்கு டி-4, டபிள்யூ.எஸ்.; ஹோண்டாவுக்கு டி.டபிள்யூ-1; ஹூண்டாய்க்கு எஸ்.பி-3, எஸ்.பி-4, கிறைஸ்லருக்கு ஏ.டி.எஃப்.+4, இசட்.எஃப். நிறுவனத்தின் கியர்பாக்ஸ்களுக்கு லைஃப்கார்டு வரிசை எனத் தனித்தனி வரையறைகள் உள்ளன. ஒரே நிறுவனத்தின் இரண்டு ஆயில்கள்கூட ஒன்றுக்கொன்று பொருந்தாமல் போகலாம். டொயோட்டாவின் டி-4 கேட்கும் கியர்பாக்ஸில் டபிள்யூ.எஸ். ஊற்றக் கூடாது. ஃபோர்டின் மெர்கான் 5, மெர்கான் எல்.வி. இரண்டையும் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றாகப் பயன்படுத்தக் கூடாது. மாறாக, 2005இல் வந்த டெக்ஸ்ரான் 6, பழைய டெக்ஸ்ரான் 3 கேட்கும் ஜெனரல் மோட்டார்ஸ் கியர்பாக்ஸ்களிலும் பயன்படுத்தக்கூடியதாகவே உருவாக்கப்பட்டது. ‘புதியது வந்தால் பழையதற்கும் ஆகும்’ என்று பொதுவாகக் கணக்கிட முடியாது. ஆகும் என்று தயாரிப்பாளர் எழுதியிருந்தால் மட்டுமே ஆகும்.

ஆயில் எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்பதைக் குறிக்கும் பாகுத்தன்மையும் காலப்போக்கில் மாறிவந்திருக்கிறது. டெக்ஸ்ரான் 3 வகை ஆயில்கள் 100 டிகிரி செல்சியஸில் ஏறத்தாழ 7 சென்டிஸ்டோக்ஸ் அல்லது சற்றுக் கூடுதலான பாகுத்தன்மை கொண்டவை. டெக்ஸ்ரான் 6 வகைக்கு அதிகபட்ச வரம்பே 6.4. பம்பின் சுமையைக் குறைத்து எரிபொருளை மிச்சப்படுத்தவே ஆயிலை இவ்வாறு மெலிதாக்கி வருகிறார்கள். வெப்பமான பகுதியில் ஓட்டுகிறோம், எனவே சற்றுக் கெட்டியான ஆயில் நல்லது என்று நினைத்து வேறு வகைக்கு மாறுபவர்கள் உண்டு. இது எனக்கு ஏற்புடையதன்று. வால்வ் பாடியின் துளைகளும், கியர் மாற்றும் நேரத்தைக் கணக்கிடும் கணினியும் குறிப்பிட்ட பாகுத்தன்மையை மனத்தில் வைத்தே அமைக்கப்பட்டிருக்கின்றன.

ஆயிலைத் தேடும் முன்பே தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டிய ஒன்று உண்டு. கிளட்ச் மிதி இல்லாத கார்கள் எல்லாவற்றிலும் ஒரே வகைக் கியர்பாக்ஸ் இருப்பதில்லை. இதுவரை சொன்னது டார்க் கன்வெர்ட்டரும் பற்சக்கரங்களும் கொண்ட வழக்கமான வகையைப் பற்றியது. சி.வி.டி. எனப்படும் வகையில் எஃகுப் பெல்ட்டோ சங்கிலியோ இரண்டு புல்லிகளுக்கு நடுவே ஓடுகிறது. அங்கே எஃகும் எஃகும் நழுவாமல் பற்றிக்கொள்ள வேண்டியிருப்பதால் அதற்கென்றே தனி ஆயில் உண்டு, நிஸானின் என்.எஸ்-2, என்.எஸ்-3 போன்றவை அந்த வகையைச் சேர்ந்தவை. சி.வி.டி.யில் சாதாரண ஏ.டி.எஃப். ஊற்றினால் பெல்ட் நழுவிப் புல்லியின் பரப்பில் கீறல் விழும். அதன்பிறகு சரியான ஆயிலை ஊற்றியும் பயனில்லை. இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ்களில் ஆயிலில் நனைந்த கிளட்ச் உள்ளவை, உலர் கிளட்ச் உள்ளவை என இரு பிரிவுகள் உண்டு. இரண்டுக்கும் ஆயில் வேறு. ஏ.எம்.டி. என்பதோ கையால் மாற்றும் சாதாரணக் கியர்பாக்ஸின் மேல் ஓர் இயக்கியைப் பொருத்தியதுதான்; அதற்குள் இருப்பது பெரும்பாலும் சாதாரணக் கியர் ஆயிலே.

ஆகவே கையேட்டைத் திறந்து, கொள்ளளவுகளும் ஆயில் வகைகளும் அச்சிடப்பட்ட பக்கத்தில் தங்கள் கியர்பாக்ஸுக்கு எதிரே எழுதியிருக்கும் வரையறையின் பெயரை அப்படியே குறித்துக்கொள்ள வேண்டும். ஆயில் மட்டத்தைப் பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக் உள்ள கார்களில் சிலவற்றில் அதன் கைப்பிடியிலேயே அந்தப் பெயர் பொறிக்கப்பட்டிருக்கும். கார் நிறுவனத்தின் முத்திரை உள்ள ஆயிலைத்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. வேறு தயாரிப்பாளரின் ஆயில் அந்த வரையறையின்படி அங்கீகாரம் பெற்றிருந்தால் தாராளமாக வாங்கலாம். டப்பாவின் பின்புறத்தில் ‘அங்கீகாரம் பெற்றது’ என்று எழுதியிருப்பதும், ‘இந்த வகைகளுக்குப் பொருத்தமானது’ என்று எழுதியிருப்பதும் ஒன்றல்ல. முதலாவது கார் நிறுவனம் சோதித்து ஒப்பியது. இரண்டாவது ஆயில் தயாரிப்பாளர் தாமே சொல்லிக்கொள்வது. டெக்ஸ்ரான் 3 உரிமங்கள் 2006இன் இறுதியோடு முடிந்துவிட்டன. இன்று அந்தப் பெயரைத் தாங்கி வரும் எந்த டப்பாவின் பின்னாலும் ஜெனரல் மோட்டார்ஸின் ஒப்புதல் இல்லை. ஒரே டப்பாவில் இருபது முப்பது வரையறைகளை அடுக்கும் ‘எல்லாக் கார்களுக்கும்’ என்ற வகையில் நல்ல தயாரிப்புகள் இருக்கலாம் என்றாலும், உத்தரவாதக் காலத்துக்குள் இருக்கும் காரில் அதை ஊற்றிப் பார்ப்பது தேவையற்ற துணிச்சல்.

எப்போது மாற்றுவது?

எஞ்சின் ஆயிலில் புகையும் கரியும் எரியாத எரிபொருளும் கலந்து அழுக்கு சேர்கிறது. கியர்பாக்ஸ் ஆயிலுக்கு அந்தத் தொல்லை இல்லை. அதனால்தான் அது பல மடங்கு நீண்ட காலம் உழைக்கிறது. ஆனால் வெப்பம் அதை மெல்ல மெல்லக் கெடுக்கிறது. 80 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும்வரை ஆயில் நெடுநாள் தாங்கும்; அதற்குமேல் ஒவ்வொரு 11 டிகிரி உயர்வுக்கும் அதன் ஆயுள் பாதியாகிறது என்பது இத்துறையில் வழங்கும் தோராயக் கணக்கு. அதன்படி பார்த்தால் ஆயில் தொடர்ந்து 102 டிகிரியில் இருக்கும் காரில் அது நான்கில் ஒரு பங்குக் காலமே உழைக்கும். நெரிசலில் நின்று நின்று நகர்வது, மலைப்பாதையில் ஏறுவது, பின்னால் வண்டியை இழுப்பது ஆகியவை ஆயிலைக் கடுமையாகச் சூடேற்றுவதால், ‘கடினமான பயன்பாடு’ என்ற தலைப்பில் பல கையேடுகள் இவற்றுக்குக் குறுகிய இடைவெளியைத் தனியே கொடுத்திருக்கின்றன. அந்தப் பகுதியை வாசகர்கள் படிக்காமல் தாண்டிவிடுகிறார்கள். பலருடைய அன்றாட ஓட்டம் அந்தத் தலைப்பின் கீழ்தான் வரும்.

‘ஆயுள் முழுமைக்குமான ஆயில்’ என்ற சொற்றொடரில் யாருடைய ஆயுள் என்பது சொல்லப்படுவதில்லை. பல கார் நிறுவனங்களுக்குக் கியர்பாக்ஸ் செய்துகொடுக்கும் இசட்.எஃப்., தன் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்களில் 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது அதிகபட்சம் 8 ஆண்டுக்குள் ஆயிலை மாற்றும்படி பரிந்துரைக்கிறது. அதே கியர்பாக்ஸைப் பொருத்தி விற்கும் கார் நிறுவனத்தின் கையேட்டில் மாற்ற வேண்டியதில்லை என்றிருந்தால், செய்தவர் சொல்லைக் கேட்பதே சரி என்பது என் கருத்து. வேறு கியர்பாக்ஸ்களுக்குக் கையேட்டில் இடைவெளி எதுவும் இல்லையென்றால், 60,000 முதல் 80,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுவது பொதுவாகப் பாதுகாப்பானது.

நிறத்தையும் வாசனையையும் வைத்து ஆயிலைக் கணிப்பது ஓரளவுக்கே உதவும். சாயம் தானாகவே மங்கும் என்பதால் பழுப்பேறிய ஆயில் கெட்டுப்போனது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் கருத்துப்போய்க் கருகிய வாடை அடித்தால் கிளட்ச் தட்டுகள் எரிந்திருக்கின்றன என்று கொள்ளலாம். கலங்கிய இளஞ்சிவப்பாக இருந்தால் ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலர் உடைந்து கூலன்ட் கலந்திருக்கிறது. தண்ணீர் பட்டால் தட்டுகளின் உராய்வுப் பூச்சு பெயர்ந்துவிடும் என்பதால் அந்தக் காரை அதற்குமேல் ஓட்டக் கூடாது. ஓட்டும்போது தெரியும் அறிகுறிகளில், சீரான நடுத்தர வேகத்தில் ஆக்ஸிலரேட்டரை இலேசாக மட்டும் அழுத்தியிருக்கையில், கரடுமுரடான கோடுகளின் மேல் சக்கரம் ஓடுவதைப் போன்ற நடுக்கம் சில நொடிகள் தோன்றி மறைவது முக்கியமானது. டார்க் கன்வெர்ட்டருக்குள் இருக்கும் கிளட்ச் பிடித்துப் பிடித்து விடுவதால் வரும் இந்த நடுக்கம், உராய்வுப் பொருள்கள் தீர்ந்துபோன ஆயிலால் வந்திருந்தால், ஆயிலை மாற்றியதும் பெரும்பாலும் நின்றுவிடும்.

பழைய காரில் ஆயிலை மாற்றினால் கியர்பாக்ஸ் கெட்டுவிடும் என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? தட்டுகள் தேய்ந்து கியர் நழுவத் தொடங்கிய பிறகு, கடைசி முயற்சியாகச் சிலர் ஆயிலை மாற்றுகிறார்கள். சில நாளில் கியர்பாக்ஸ் நின்றுபோகிறது. பழி ஆயிலின் மேல் விழுகிறது. தேய்ந்த தட்டை எந்த ஆயிலும் வளர்க்காது. ஒருமுறைகூட ஆயில் மாற்றாமல் நெடுந்தூரம் ஓடியிருந்தும் கியர் ஒழுங்காக விழுகிறது என்றால், அழுத்தத்தைக் கொண்டு கழுவும் முறையைத் தவிர்த்து, வடித்து ஊற்றும் முறையில் மாற்றுவதே நல்லது. அழுத்தத்தில் பெயரும் படிவு வால்வ் பாடியின் துளைகளை அடைக்கக்கூடும்.

மாற்றும் முறை

கீழே உள்ள பிளக்கைக் கழற்றினால் எஞ்சின் ஆயில் ஏறத்தாழ முழுவதும் வந்துவிடும். கியர்பாக்ஸில் அப்படி இல்லை. டார்க் கன்வெர்ட்டர், வால்வ் பாடி, கூலர் குழாய் ஆகியவற்றில் இருப்பது உள்ளேயே தங்கிவிடும். மொத்தம் 8 லிட்டர் பிடிக்கும் கியர்பாக்ஸில் ஒருமுறைக்கு 3.2 லிட்டர் வடிகிறது என்று வைத்துக்கொண்டால், மாற்றிய பின் உள்ளே 40 விழுக்காடு புது ஆயில் இருக்கும். சிறிது தூரம் ஓட்டிக் கலந்தபின் மீண்டும் ஒருமுறை செய்தால் அது 64 விழுக்காடாகும். மூன்றாம் முறை ஏறத்தாழ 78. இரண்டு மூன்று முறை வடித்து ஊற்றச் சொல்வதற்கு இந்தக் கணக்கே அடிப்படை. கூலர் குழாயோடு இணைத்துப் பழையதை வெளியேற்றிக்கொண்டே புதியதைச் செலுத்தும் இயந்திரங்களும் உண்டு. கியர்பாக்ஸின் சொந்தப் பம்ப் தள்ளும் வேகத்திலேயே ஆயிலைப் பரிமாறும் வகையாக இருந்தால் அதில் தவறில்லை. ஆனால் ஆயில் கூடுதலாகச் செலவாகும்.

சொந்தமாகச் செய்ய முனைபவர்கள் காரைச் சமதளத்தில் நிறுத்தி, ஜாக்கியை மட்டும் நம்பாமல் தாங்கிகளின் மேல் உட்காரவைத்த பின்னரே அடியில் புக வேண்டும். கார் முன்பக்கம் மட்டும் உயர்ந்திருந்தால் ஆயில் மட்டம் தவறாகக் காட்டும். நான்கு பக்கமும் ஒரே உயரத்தில் இருப்பது அவசியம். முதலில் கழற்ற வேண்டியது ஆயில் ஊற்றும் துளையின் பிளக். அது துருப்பிடித்து நகர மறுத்தால், வடிக்கும் பிளக்கைத் தொடாமல் வேலையை நிறுத்திவிடலாம். வரிசையை மாற்றிச் செய்தவர் ஆயிலை வடித்துவிட்டு, ஊற்ற வழியில்லாத காரோடு நிற்க நேரும். வடியும் ஆயிலை அளவு குறித்த பாத்திரத்தில் பிடித்து, எத்தனை லிட்டர் என்பதை எழுதிவைக்க வேண்டும். முதற்கட்டமாக அதே அளவு புது ஆயிலை ஊற்றினால் போதும்.

கியர்பாக்ஸின் அடியில் ஆயில் தேங்கும் தட்டான ‘பான்’ கழற்றும் வகையாக இருந்தால், அதன் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் சிறு காந்தங்களைப் பார்க்கலாம். அவற்றின் மேல் விரலில் தேய்த்தால் மையாக இழையும் சாம்பல் நிறக் குழம்பு படிந்திருக்கும். இயல்பான தேய்மானமே அது. துடைத்துவிட்டுக் காந்தத்தை அதே இடத்தில் வைக்க வேண்டும். விரலில் குத்தும் இரும்புச் சில்லுகளோ, பற்சக்கரத்தின் உடைந்த துண்டோ தென்பட்டால் ஆயில் மாற்றத்தோடு முடியும் வேலை அன்று, கியர்பாக்ஸைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கும். ஃபில்டர் பானுக்குள் இருந்தால் அதையும் மாற்ற வேண்டும். சில கியர்பாக்ஸ்களில் பானும் ஃபில்டரும் ஒன்றாக வார்த்த பிளாஸ்டிக் பாகமாகவே வருவதால் முழுவதையும் புதிதாகப் போட வேண்டும். துடைப்பதற்கு நூல் பிரியாத துணியைப் பயன்படுத்த வேண்டும், ஏனெனில் ஓர் இழை உள்ளே போனாலும் வால்வில் சிக்கும். பானின் போல்ட்டுகள் சிறியவை. பல கார்களில் 10 நியூட்டன்-மீட்டரை ஒட்டிய முறுக்கமே அவற்றுக்குப் போதும். எதிரெதிராக மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக முறுக்காவிட்டால் பான் வளைந்து கசியும்.

இனி வருவது ஆயில் மட்டத்தைச் சரிபார்ப்பது. இந்த வேலை முழுவதிலும் அதிகம் பிசகுவது இந்த இடத்தில்தான். மட்டம் குறைந்தால் பம்ப் காற்றை உறிஞ்சும். கூடினால் சுழலும் பாகங்கள் ஆயிலைக் கடைந்து நுரையாக்கும். இரண்டின் விளைவும் ஒன்றே. டிப்ஸ்டிக் உள்ள கார்களில் பெரும்பாலானவற்றில், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, பிரேக்கை மிதித்தபடி கியர் நெம்புகோலை ஒவ்வொரு நிலையிலும் சில நொடிகள் நிறுத்திவிட்டு, ‘பி’ நிலைக்குக் கொண்டுவந்து பார்க்க வேண்டும். எஞ்சினை அணைத்த பிறகு பார்க்கச் சொல்லும் ஹோண்டா போன்ற விதிவிலக்குகளும் உண்டு. டிப்ஸ்டிக்கில் சூடான நிலைக்கும் குளிர்ந்த நிலைக்கும் தனித்தனிக் குறிகள் இருப்பதையும் கவனிக்க வேண்டும்.

டிப்ஸ்டிக் இல்லாத கார்களில் மட்டத்தைக் காட்டுவது ஒரு நிரம்பிவழியும் துளை. எஞ்சின் ஓடும்போது, ஆயில் குறிப்பிட்ட வெப்பநிலையில் இருக்கையில் அந்தப் பிளக்கைத் திறக்க வேண்டும். அந்த வெப்பநிலை பெரும்பாலும் 35 முதல் 50 டிகிரி செல்சியஸுக்குள் அமையும் என்றாலும், துல்லியமான எல்லை காருக்குக் கார் வேறுபடும். காரின் கணினியில் பதிவாகும் அளவுகளைக் காட்டும் ஸ்கேன் கருவியை இணைத்தே பெரும்பாலும் அதைப் படிக்க முடியும். முதலில் தாரையாக ஒழுகும் ஆயில் மெலிந்து, சொட்டாகும் அந்தக் கணத்தில் பிளக்கை மூடினால் மட்டம் சரி. எதுவுமே ஒழுகவில்லை என்றால் ஆயில் போதவில்லை. ஒழுகும்வரை மேலே ஊற்ற வேண்டும். வெப்பநிலையில் ஏன் இத்தனைக் கறார் என்று கேட்கலாம். 8 லிட்டர் ஆயில் 40 டிகிரியிலிருந்து 90 டிகிரிக்குச் சூடானால் கால் லிட்டருக்கும் சற்று மேலாகவே விரிவடைகிறது. நன்றாகச் சூடேறிய காரில் துளையைத் திறந்தால் அந்த விரிவும் சேர்ந்து வழிந்துபோய், குளிர்ந்தபின் அந்த அளவு குறைந்து நிற்கும். இந்தக் கருவி கைவசம் இல்லாதவர்கள் இப்படிப்பட்ட கார்களை ஒர்க்‌ஷாப்பில் விடுவதே நல்லது. அங்கேயும் எத்தனை டிகிரியில் மட்டம் பார்க்கப்பட்டது என்று மெக்கானிக்கிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

மாற்றிய பிறகு சில கார்களில், கணினி பழைய ஆயிலுக்கு ஏற்பக் கற்று வைத்திருக்கும் அழுத்தக் கணக்குகளை அழித்து, மறுபடி கற்கவிட வேண்டியிருக்கும். அதுவரை கியர் சற்று முரட்டுத்தனமாக விழுந்தாலும் அஞ்ச வேண்டாம். சிறிது தூர ஓட்டத்தில் சீராகிவிடும். சில நாள் கழித்துப் பான் ஓரத்திலும் பிளக்குகளிலும் ஈரம் கசிகிறதா என்று ஒருமுறை பார்த்துவிட வேண்டும். வடித்த பழைய ஆயிலை மூடியுள்ள கேனில் ஊற்றி, பழைய ஆயிலைச் சேகரிக்கும் இடத்தில் ஒப்படைக்க வேண்டும். மண்ணிலோ சாக்கடையிலோ ஊற்றக் கூடாது.